விண்வெளி மிருகத்தின் பின்னங்கால்கள்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மகள் அனிதா தொலைபேசியில் அழைத்தாள். ஞாயிறுதான் எங்களுக்கு அவள் ஒதுக்கிய நாள். செவ்வாயில் மணி அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அப்படி நினைத்துக்கொண்டேதான் எடுத்தேன்.

"அப்பா, டெரிக் அங்கிள் செத்துப் போச்சு" என்றாள்.

அனிதா இங்கிலாந்தில் பிறந்தவள். அவள் தமிழில் உயர்திணையும் அஃறிணையும் ஒரே பாயில் படுத்திருக்கும். மாமா வருது, பஸ் வருது, சாமி பாக்குது. சின்ன வயதில் திருத்திப் பார்த்தேன். பிறகு, பேசுகிறாளே அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். அவள் பிள்ளைகளிடம் அதுவும் கிடையாது.

"ஐயோ, எப்போது?"

"லாஸ்ட் வீக். அப்போ இனி நீங்க மட்டும்தான் மிச்சம்."

நேற்று வைத்த குழம்பைச் சொல்வது போலச் சொன்னாள். ஆனால் அவள் சொன்னது உண்மை. எழுபதுகளின் கடைசியில் தொடங்கிப் பல வருடங்கள் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் வந்த ஒரு மலிவான விண்வெளித் தொடரில், முர்க் என்று ஒரு மிருகம் வரும். அதன் முன்பாதி டெரிக். பின்பாதி நான். இப்போது அந்தத் தொடரின் ஆண்டு நிறைவுக்கு அதன் ரசிகர்கள் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். முன்பாதியைத்தான் அழைத்திருந்தார்கள். முன்பாதி இறந்துவிட்டதால் பின்பாதி வர முடியுமா என்று கேட்டு, எங்கிருந்தோ அனிதாவின் எண்ணைப் பிடித்திருக்கிறார்கள்.

நானும் என் மனைவி புஷ்பமும் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். காலையில் நடை, பிறகு மாத்திரை, பிறகு ஊராட்சி வாடகைக்குத் தரும் துண்டு நிலத்தில் புஷ்பம் கேரட் போடுவாள். பிடுங்கும்போதெல்லாம், "நம்ம ஊரு கேத்தி கேரட்டுல இது கால்வாசிக்கு வராது" என்று ஏசுவாள். அக்கம்பக்கத்தாருக்கு நான் ஓய்வுபெற்ற சமையற்கூடப் பணியாளன். முர்க்கைப் பற்றி அவர்களிடம் சொன்னதில்லை. ஊரில் இருக்கும் உங்களில் சிலருக்கு இது அரைகுறையாகத் தெரியும். எண்பதுகளில் அரவேணுக் கடையில் கூடியவர்களின் பிள்ளைகளுக்கு இன்னும் கோணலாகத் தெரியும். ஆகவே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

2

நான் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் அறைகளில் ஒன்றில். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தபோது, அம்மாவும் நானும் இந்தியாவின் பங்கில் விழுந்தோம். 'தாயகம் திரும்புவோர்' என்று எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அம்மாவும் சரி, அவளைப் பெற்றவளும் சரி, அந்தத் தாயகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத இடத்துக்குத் திரும்பிப் போவதற்காக இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று கொடுத்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, கடைசியில் அரவேணுவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் எங்களுக்கு லயம் கிடைத்தது. அதே குளிர், அதே கொழுந்து, அதே அட்டைக்கடி. அம்மா முதல் நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கா கப்பல்ல ஏத்துனாங்க?" என்று கேட்டாள்.

எனக்குக் கொழுந்து மலையில் வேலை இல்லை. குன்னூரில் ஓர் ஆங்கிலேயத் துரைசாணி தனியாக இருந்தார். கணவர் தோட்டத்துரையாக இருந்து இறந்துபோனவர். அவர் பங்களா சமையலறையில் சேர்ந்தேன். வயதான காலத்தில் அவர் இங்கிலாந்துக்கே போய்விட முடிவெடுத்தபோது, தன் மிளகுத்தண்ணீர் ரசத்தை வைக்க வேறு ஆள் கிடைக்காது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

விமான நிலையத்தில் அதிகாரி கேட்டார்: "பிறந்த இடம்?" சிலோன். "குடியுரிமை?" இந்தியா. "இந்தியாவில் எவ்வளவு காலம் இருந்தாய்?" கொஞ்ச காலம். "அப்படியானால் உன்னைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் எங்கே அனுப்புவது?"

எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது. துரைசாணி சக்கர நாற்காலியில் இருந்தபடி, "என்னிடம் அனுப்புங்கள்" என்றார். விட்டுவிட்டார்கள்.

அவர் அதிக காலம் இருக்கவில்லை. அவரை அடக்கம் செய்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை, ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவுவது.

3

அந்தக் கட்டடத்தில்தான் விண்வெளித் தொடரைப் பிடித்தார்கள். பிரபஞ்சம் முழுக்கச் சுற்றுகிற கதை. ஆனால் அவர்களிடம் ஒரு பொருளும் கிடையாது. காலையில் நான் கழுவிக் கவிழ்த்த ஜெல்லி அச்சுகள் மத்தியானம் காணாமல் போகும். தொடர் ஒளிபரப்பாகிற அன்று பார்த்தால், விண்கலத்தின் விசைப்பலகையில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். எங்கள் வடிதட்டு ஒரு வேற்றுக்கிரகத் தளபதியின் தலையில் இருந்தது. வேலை முடிந்ததும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சாயத்தைச் சுரண்டுவது என் பொறுப்பு.

ஒருநாள் கையில் தாள் செருகிய அட்டையோடு ஒரு பெண் சமையற்கூடத்துக்குள் வந்து, எங்கள் எல்லாரையும் உயரம் பார்த்துவிட்டு என் முன்னால் நின்றாள்.

"உன்னால் குனிய முடியுமா? கொஞ்ச நேரம் இல்லை, நாள் பூராவும்."

என் பரம்பரையில் நிமிர்ந்து வேலை செய்தவர் யாரும் இல்லை. முடியும் என்றேன்.

முர்க் ஒரு மேசை மேல் கிடந்தது. சாக்கும் பஞ்சு ரப்பரும் வைத்துத் தைத்து, பச்சைச் சாயம் அடித்த உடம்பு, நடுவில் கொக்கி மாட்டிச் சேர்த்த இரண்டு பாதி. முதுகில் முட்டை அடுக்கும் அட்டைகளைக் கவிழ்த்து ஒட்டியிருந்தார்கள். கண்கள் மோட்டார் சைக்கிளின் பின்விளக்குகள். வால், தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் குழாய். வழக்கமாகப் பின்னால் இருப்பவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். முன்பாதியான டெரிக், நாடகங்களில் ராஜா வேஷம் கட்டிப் பழகிய நெட்டை மனிதர். என்னைப் பார்த்து, "என் இடுப்புவாரைப் பிடித்துக்கொள், நான் போகிற பக்கம் வா, மூச்சை வாயால் விடு" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த நடிப்புப் பயிற்சி.

உள்ளே ஒன்றும் தெரியாது. ஒன்றும் கேட்கவும் கேட்காது. டெரிக்கின் வார் மட்டும்தான் உலகம். குகையிலிருந்து வெளியே வந்தோம், உறுமினோம், பாறைகளை உருட்டினோம். கடைசியில் கதாநாயகன் துப்பாக்கியால் சுட, முர்க் சாக வேண்டும். டெரிக் அருமையாகச் செத்தார். சாகும்போது நடுவில் இருந்த கொக்கி கழன்று, அவர் வார் என் கையை விட்டு நழுவியது.

சாகும் இடம் அதுதான் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாரைத் தேடிக்கொண்டு நான் நடந்தேன். முன்பாதி தரையில் கிடக்க, பின்பாதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஒரு பாறையை முட்டி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி பின்வாங்கி, மறுபடியும் நடந்தது. கடைசியில் டெரிக்கின் மேலேயே தடுக்கி விழுந்துதான் நான் செத்தேன். திரும்ப எடுக்க அவர்களுக்கு நேரம் இல்லை. விளக்கை அணைத்துவிட்டார்கள். அப்படியே ஒளிபரப்பானது.

4

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணம் பேசி முடிக்க என்று அம்மா வற்புறுத்தி அழைத்து, விடுப்பில் ஊருக்கு வந்தேன். அப்போதும் கப்பலில் ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம். லயத்தில் புதுப்புது முகங்கள். அவர்கள் எல்லாரும் என்னை எழுந்து நின்று பார்த்தார்கள். அம்மாவின் வேலை.

"எம்மவன் லண்டன்ல டி.வி.ல நடிக்கிறான்" என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"அம்மா, அதில் என் மூஞ்சி தெரியாது" என்றேன்.

"ஏன்டா, திரும்பி நிப்பியா?"

"அப்படித்தான்."

"வெக்கப்படாத. அடுத்த தரம் நேரா நில்லு."

பெண் ஜெகதளாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாள். பெயர் புஷ்பம். அவள் அப்பா ராமையா, அட்டனில் கங்காணியாக இருந்தவர். ஒரு மலைக்கே ஆள் பிரித்துவிட்ட மனிதர். இங்கே தேயிலை ஃபேக்டரி வாசலில் காவல்காரர். ஆனாலும் எல்லாரும் கங்காணி என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் அப்படித்தான் நடந்தார். பெண் கேட்கப் போனபோது அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம்தான் பேசினார்.

"வேல செய்யிற மாப்பிளைன்னாத்தான் குடுப்பன். கூத்தாடிக்கெல்லாம் குடுக்க ஏலாது."

"கூத்து இல்லீங்க கங்காணி, டி.வி." என்றாள் அம்மா.

"பெட்டிக்குள்ள ஆடுனா கூத்து இல்லையா? ஒங்க மகன் என்னா செய்யிறாருன்னு ஏங்கண்ணால பாக்கணும். பாத்துட்டு கதைப்போம்."

லண்டனில் நடந்ததை ஜெகதளாவில் எப்படிக் காட்டுவது? கல்யாணம் கையை விட்டுப் போனது என்றே நினைத்தேன். விடுப்போ ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, சர்க்கரை வாங்க அரவேணுவில் காதர் பாய் கடைக்குப் போனேன். பாயின் மச்சான் வளைகுடாவிலிருந்து கொண்டு வந்த டி.வி. ஒன்று மளிகைச் சாமான்களுக்கு நடுவே இருந்தது. கூரைக்கு மேலே கற்பூர மரத்துக் கம்பத்தில் ஏரியல் கட்டியிருந்தார். அந்த மேட்டில் மெட்ராஸ் வராது. கடலைத் தாண்டி இலங்கைதான் வரும். எங்களை அனுப்பி வைத்த நாடு தினம் சாயங்காலம் எங்களைத் தேடிக்கொண்டு பலசரக்குக் கடைக்கு வந்தது. தோட்டத்து ஆட்கள் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

சர்க்கரையை நிறுக்கும்போது திரையில் ஒரு விண்கலம் தெரிந்தது. விசைப்பலகையில் சிவப்பாக வரிசையாக என்னுடைய ஜெல்லி அச்சுகள்.

"பாய், இது எப்போதெல்லாம் வரும்?"

"வாரா வாரம் வியாழக்கிழமைங்க தம்பி. ஏனுங்க, பாத்திருக்கீங்களா? ஒண்ணுமே புரியாதுங்க. ஆனா வியாபாரம் நல்லா நடக்குது."

கதையின் வரிசையை நினைவுபடுத்திப் பார்த்தேன். அடுத்த வியாழன் முர்க்.

5

மழை இல்லாத வியாழனாக அமைந்தது. எங்கள் லயத்து ஆட்கள், ஜெகதளாவிலிருந்து கங்காணி வீட்டார், பாயின் வாடிக்கையாளர்கள் என்று கடைக்கு வெளியே ரோடு வரை கூட்டம். காதர் பாய் கங்காணிக்கு ஒரு நாற்காலி போட்டார்.

"உக்காருங்க கங்காணி. நம்ம தம்பி எப்ப வருவாருன்னு நாங்களும் பாக்குறோமுங்க."

பேச்சு ஆங்கிலம், கீழே ஓடுகிற எழுத்து சிங்களம். யாருக்கும் இரண்டும் சரியாக வராது. அப்போது பெண்கள் பக்கம், வெங்காய மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தது. அட்டனில் சிங்களக் கிராமத்துக்குப் பக்கத்தில் வளர்ந்ததால் அவளுக்குப் படிக்க வரும் என்று அம்மா காதில் சொன்னாள். அதுதான் புஷ்பம். முகம் தெரியவில்லை. குரலை மட்டும் கேட்டேன். தடுமாற்றம் இல்லாத, கணக்குப்பிள்ளை பெயர் வாசிப்பது போன்ற குரல்.

"இந்தக் கெரகத்துல நாங்க குடியேற வந்திருக்கோம்னு சொல்றாரு. இங்க ஒரு மிருகம் இருக்குதாம். தொந்தரவாம்."

குகை வாசல் தெரிந்தது. பச்சையாக ஏதோ அசைந்தது.

"முர்க்காம் அதுக்குப் பேரு."

"முறுக்கா?" என்றார் பாய். அத்தோடு அது முறுக்கு ஆனது. "முறுக்கு வருது, முறுக்கு வருது" என்று ரோட்டில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கடா நீ?" என்றாள் அம்மா.

இனி மறைக்க முடியாது. "அதற்கு உள்ளே அம்மா. பின்பக்கம். அந்த ரெண்டு கால் என்னுடையது."

அம்மா கண்ணைச் சுருக்கிக் கால்களைப் பார்த்தாள். "ஆமா, ஏம்புள்ள நடதான்" என்றாள்.

கங்காணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தார். கதாநாயகன் துப்பாக்கியை எடுத்தான்.

"ஒன் எடத்துக்குத் திரும்பிப் போன்னு சொல்றாரு" என்றது வெங்காய மூட்டைக் குரல்.

"அது பொறந்ததே அங்கதானே?" என்று யாரோ கேட்டார்.

"அத யாரு கேக்குறா" என்றார் கங்காணி. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"அதுக்கு என்னா பதில் சொல்லுது?" என்று அதே ஆள் கேட்டார்.

"அதுக்கு எழுத்துப் போடல" என்றாள் புஷ்பம்.

சுட்டான். முன்பாதி விழுந்தது. அம்மா மார்பில் அடித்துக்கொண்டு, "பாவி, ஏம்புள்ளைய சுட்டுட்டானே" என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கிறேன் அம்மா, இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்துப் படம் போய், திரை முழுக்கப் புள்ளியாகப் பொரிந்தது. பாயின் தம்பி கூரை மேல் ஏறி ஏரியலைத் திருப்பினான். படம் திரும்பி வந்தபோது, செத்துக் கிடந்த முன்பாதியைச் சுற்றி என் இரண்டு கால்களும் நடந்துகொண்டிருந்தன.

கடை வெடித்துச் சிரித்தது. பாய் கல்லாப்பெட்டி மேல் சாய்ந்து சிரித்தார். அம்மா அழுகையை நிறுத்தாமலே சிரித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியும் இனி இந்தப் பெண் இல்லை, அரவேணுவில் எந்தப் பெண்ணும் இல்லை.

கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. கால்கள் பாறையை முட்டிப் பின்வாங்கியதைப் பார்த்தார். மறுபடியும் நடந்ததைப் பார்த்தார். விழுந்ததும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"வேல நிறுத்தச் சொல்லி ஒனக்கு யாரும் சொல்லலையா தம்பி?"

"இல்லைங்க."

"முன்னுக்கு போறவன் விழுந்துட்டான். அப்பவும் நீ நிறுத்தல."

"எனக்குத் தெரியாதுங்க. உள்ளே ஒன்றும் தெரியாது."

அவர் தலையாட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "சிரிக்கிறதுக்கு என்னா இருக்கு? கண்ணு தெரியாம, குனிஞ்சி, சொல்ற வரைக்கும் செய்யிறான். எம் மலையில எத்தன பேரு இப்புடிச் செஞ்சீங்க?"

அவர் பிரித்துக் கொடுத்த எல்லையில் கொழுந்தெடுத்தவர்கள் இரண்டு மூன்று பேர் அங்கே இருந்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது மலையில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. கடைக்கு வெளியே முதல் தடவையாகப் புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட ஒரு விரல் உயரம். அவள்தான் பேசினாள்.

"உள்ள இருக்கையில ஒங்களுக்கு என்னாதான் தெரியும்?"

"முன்னால் இருப்பவரின் இடுப்புவார்."

"எங்க போறோம்னு?"

"தெரியாது."

"கப்பல்ல வந்தப்ப எங்களுக்கும் தெரியாது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த முட்டி மோதுற எடம் நல்லா இருந்துச்சி" என்று சொல்லி, அவள் அப்பாவின் பின்னால் போய்விட்டாள்.

6

ரசிகர்கள் கூட்டத்துக்கு அனிதா காரில் கூட்டிக்கொண்டு போனாள். புஷ்பம் பிளாஸ்கில் தேநீரும் டப்பாவில் இட்லியும் எடுத்துக்கொண்டாள். மண்டபம் நிறைய, பேரப்பிள்ளை பார்த்த வயதுக்காரர்கள் வெள்ளிநிறச் சட்டை போட்டுக்கொண்டு உலாவினார்கள். என் சட்டையில் ஒரு அட்டையைக் குத்தினார்கள். 'முர்க், பின்பாதி' என்று இருந்தது.

மேடையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். எல்லாக் கேள்வியும் ஒரே இடத்தைப் பற்றித்தான். முன்பாதி செத்த பிறகு பின்பாதி ஏன் நடந்தது? முர்க்குக்கு இரண்டு மூளை என்று ஒரு கட்சி. இல்லை, ஒரு மூளைதான், அது துக்கம் காக்கிறது என்று இன்னொரு கட்சி. இதைப் பற்றியே பல வருடங்களாக எழுதி வருகிறவர் ஒருவர் எழுந்து நின்று, "அந்த வட்டத்தில் ஒரு சடங்கு தெரிகிறது. அதை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்றார்.

"நான் வாரைத் தேடினேன். அவர் செத்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை."

மண்டபம் ஓர் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த மனிதர் மிகவும் மரியாதையாக, "அது உங்கள் கருத்து" என்று சொல்லி உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது அனிதா காரை ஓட்டிக்கொண்டே கேட்டாள். "தாத்தா அத பாத்துச்சா?"

அவள் கங்காணியைப் பார்த்ததில்லை. அவள் பிறந்த வருடமே போய்விட்டார். தாத்தாவைப் பற்றி இதுவரை அவள் எதுவும் கேட்டதும் இல்லை. நாங்களாகச் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு வேறு வேலை வந்துவிடும். புஷ்பம் பின் இருக்கையிலிருந்து காதர் பாய் கடையைச் சொன்னாள். கங்காணி சொன்னதை அவர் குரலிலேயே சொன்னாள். அனிதா அந்த வாக்கியத்தைத் தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"முன்னால உள்ளது செத்துப் போச்சு. பின்னால உள்ளது வேலய நிறுத்தல."

இந்த ஒரு வாக்கியத்தில் அவள் இலக்கணத்தில் பிழை இல்லை. சாலையோரம் காரை நிறுத்தி, பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று கைப்பேசியில் அதைப் பேசிப் பதிந்துகொண்டாள்.

7

கங்காணி பெண்ணைக் கொடுத்தார். கல்யாணம் ஆனதும் நான் லண்டனுக்குத் திரும்பிவிட்டேன். புஷ்பம் விசாவுக்கு மெட்ராஸ் போக வேண்டும். நேர்காணலில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள்.

வெள்ளைக்கார அதிகாரி ஒரு பக்கம், மொழிபெயர்க்க ஒரு மெட்ராஸ்காரர் ஒரு பக்கம். அந்தக் காலத்தில் கல்யாணம் நிஜமா, நாட்டுக்குள் நுழையச் செய்த ஏற்பாடா என்று துருவுவார்கள்.

"உங்க வீட்டுக்காரர முதல்ல எங்க பாத்தீங்கன்னு கேக்குறாரும்மா."

"டி.வி.யில."

"நேர்லம்மா."

"நேருல அதுக்குப் பொறகுதான். மொத பாத்தது காலு."

மொழிபெயர்ப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, என்ன வேலை பாக்குறார்?"

"மிருகம்."

"மிருக வைத்தியரா?"

"மிருகமுங்க. பின்னுக்கு ரெண்டு காலு."

அவருக்கு அது சரிப்படவில்லை. கிராமத்துப் பெண், பதறிப் பேசுகிறாள் என்று நல்ல எண்ணத்தோடு அதைச் சீர்திருத்தி, கணவர் கால்நடைத் துறையில் இருக்கிறார் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டார். அதிகாரி தாளைப் பார்த்தார். அதில் தொலைக்காட்சி நிலையச் சிற்றுண்டிச்சாலை என்று இருந்தது. அவர் முகம் மாறியது. ஏதோ எழுதப் போனார். அந்தப் பேனா எழுதினால் தான் ஜெகதளாவுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

புஷ்பம் எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். முதுகை மேசை போலக் குனிந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத வாரைத் தேடிக்கொண்டு அந்த அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். அலமாரியை முட்டினாள். பின்வாங்கினாள். மறுபடியும் நடந்தாள்.

மொழிபெயர்ப்பாளர், "அம்மா, அம்மா" என்று எழுந்துவிட்டார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். பிறகு நேராகப் புஷ்பத்திடம் ஒரு சொல்தான் கேட்டார்.

"முர்க்?"

"முறுக்கு" என்றாள் அவள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று புஷ்பம் பயந்துவிட்டாளாம். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவர் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார்.

"போயிட்டு வாங்கம்மா" என்றார் அவர். "இவரோட பிள்ளைங்களுக்கு உங்க வீட்டுக்காரரத் தெரியுமாம்."

8

புஷ்பம் வந்து இறங்கியது நல்ல பனிக்காலத்தில். மேலே போட்ட கோட்டு இரவல். கை முழுக்க மறைந்துவிடும். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. வந்த முதல் வாரம் அவள் அதிகம் பேசவில்லை. ஜன்னலில் நின்று பார்ப்பாள். மலை எங்கே என்று ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றேன். கொழுந்து எடுக்காத கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள், "அந்த மிருகத்தக் காட்டுங்க" என்றாள்.

அவள் கேட்ட முதல் பொருள். சாமான் அறைக்காரரிடம் போய் விசாரித்தேன். முர்க் இல்லை என்றார். பஞ்சு ரப்பர் வீணாகக் கூடாது என்று அதை வெட்டி வேறு எதற்கோ எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். "வெட்டிட்டாங்களா?" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை அறையில் இருந்த சின்ன டி.வி.யில் தொடரின் புதுக் கதை ஓடியது. கதாநாயகனும் கூட்டாளியும் ஏதோ ஒரு கிரகத்துக் காட்டுக்குள் போகிறார்கள். விசித்திரமான மரங்கள். புஷ்பத்துக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, படிக்கச் சிங்கள எழுத்தும் கிடையாது. போர்வையைச் சுற்றிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று முன்னால் குனிந்து திரையில் விரலை வைத்தாள்.

"இந்த மரம்."

"என்ன?"

"இது ஒங்க காலு."

பார்த்தேன். முர்க்கின் பின்னங்காலைத் தலைகீழாக நட்டு, பாதத்தில் காகித இலை ஒட்டியிருந்தார்கள். முழங்காலில் இருந்த தையல் எனக்குத் தெரிந்த தையல். பக்கத்தில் நின்ற மரம் இன்னொரு கால்.

புஷ்பம் இன்னும் கொஞ்சம் கிட்டே போய், தோட்டத்தில் கன்று நட்டதைப் பார்வையிடுகிறவள் போல அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"நட்டவன் சரியா நடல" என்றாள். "பாருங்க, சாஞ்சி நிக்குது."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. ஓடிவந்த கதாநாயகன் இளைப்பாற அந்த மரத்தில் சாய்ந்தான். மரம் அவனோடு சேர்ந்து மெதுவாகப் படுத்தது. பிரபஞ்சத்தைக் காப்பாற்ற வந்தவன் காகித இலைக்குள் கால் தூக்கிக் கிடந்தான். புஷ்பம் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டும் வரைக்கும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அரிசி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.